உம்மாவின் குரலும் ஒரு மின்னல் குறியும்

வீட்டில் ஒரு மின்சாதனம் மக்கர் பண்ணினால் நம் வாயில் முதலில் வருவது என்ன? "இது பழுது, புதுசு வாங்கணும்" என்பதுதானே? நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். சென்ற பெருநாளுக்குச் சற்று முன்னர் நடந்த ஒரு விடயம் அந்தப் பழக்கத்தை மாற்றிவிட்டது.

1993இல் சாய்ந்தமருதில் எங்கள் ராத்தாவின் கலியாணம் நடந்தது. அதை ஒரு வீடியோ கசெட்டில் பதிந்திருந்தார்கள். உம்மா 2001இல் எங்களை விட்டும் பிரிந்தார். 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தபோது வீட்டிலிருந்த படங்கள் எல்லாம் போயின. மச்சானின் வியாபாரத்துக்காக அக்குறணைக்குக் குடிபோன ராத்தாவிடம் இருந்ததால் அந்தக் கசெட் மட்டும் தப்பியது. உம்மா நடமாடுவதைக் காட்ட எங்களுக்கு வேறொன்றும் இல்லை. என் பிள்ளைகள் மூத்தம்மாவைக் கண்டதே இல்லை.

ராத்தாவின் மகன் அந்தக் கசெட்டைக் கணினியில் ஏற்றி ஒரே கோப்பாக்கிக் கொண்டுவந்து, என் மகளின் மடிக்கணினியில் போட்டுவிட்டுப் போனான். பெருநாளைக்குக் குடும்பமே எங்கள் வீட்டுக் கூடத்தில் கூடியிருந்து பெரிய டீவியில் பார்ப்பதென்று முடிவு.

என் மகன் படிக்கும் காலத்தில் வாங்கிய 'ராஸ்பெரி பை 3' என்ற சிறு கணினி அலுமாரியில் கிடந்தது. உள்ளங்கையளவுதான். அதில் 'கோடி' என்ற இலவச மென்பொருளைப் போட்டு டீவியில் கொளுவினால், வன்தட்டிலுள்ள படம், பாட்டு, பயான் எல்லாவற்றையும் டீவி ரிமோட்டாலேயே பார்க்கலாம், கேட்கலாம். 2014 வரை இம்மென்பொருளுக்கு எக்ஸ்.பி.எம்.சி. என்று பெயர்.

தொல்லை அங்கேதான் தொடங்கியது. கசெட்டின் கோப்பை வன்தட்டில் போட முயன்றால் ஏறவில்லை. தட்டில் பாதிக்கு மேல் வெறுமையாக இருக்க, கோப்பு பெரிது என்று கணினி மறுத்தது. கடைக்காரர் ஒருவரிடம் காட்டினேன். "தட்டு முடிஞ்சி, புதுசு எடுங்க" என்றார். பணத்தை எண்ணும்போதுதான் ராத்தாவின் மகனைக் கேட்போமே என்று தோன்றியது.

"தட்டுக்கு ஒண்ணுமில்ல சாச்சி. அது எஃப்.ஏ.டி. 32 முறையில இருக்கு. அதில 4 ஜிகாபைட்டுக்கு மேல ஒரே கோப்பா ஏறாது. நம்மட கோப்பு 6 ஜிகாபைட்டுக்கு மேல" என்றான்.

பானை எவ்வளவு பெரிதானாலும் வாய் ஒடுங்கியிருந்தால் பெரிய பூசணிக்காய் உள்ளே போகுமா? அதே கதைதான். தட்டிலிருந்தவற்றையெல்லாம் மடிக்கணினியில் பிரதி எடுத்துவிட்டு, எக்ஸ்ஃபாட் முறைக்கு மாற்றினோம். சகோதரிகளே, இந்த இடத்தில் கவனம்! முறையை மாற்றும்போது தட்டிலுள்ள அனைத்தும் அழிந்துவிடும். பிரதி எடுக்காமல் அதில் கைவைக்காதீர்கள்.

கோப்பு ஏறியது. ஆனால் படம் ஓடத் தொடங்கிச் சில நிமிடங்களில் நின்றது. டீவியின் மூலையில் மஞ்சள் நிறத்தில் ஒரு மின்னல் குறி. "டீவி பழசாப் பெய்த்து" என்றார் என் கணவர். இந்த முறை நான் அவசரப்படவில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தேன். எச்.டி.எம்.ஐ. வயரை மாற்றினேன், அதே குறி. டீவியில் வேறு துவாரத்தில் கொளுவினேன், அதே குறி. வன்தட்டைக் கழற்றினேன்; குறி மறைந்தது!

அந்தக் குறி, மின்சாரம் போதவில்லை என்பதற்கான அடையாளமாம். 5 வோல்ட் வரவேண்டியது சுமார் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அது தோன்றும். நான் கொளுவியிருந்தது 1 அம்பியர் தரும் பழைய போன் சார்ஜர். அந்தச் சிறு கணினிக்கோ 2.5 அம்பியர் தரும் சார்ஜர் வேண்டும். போதாக்குறைக்கு வன்தட்டும் அதிலிருந்தே மின்சாரத்தை உறிஞ்சியது. தகுந்த சார்ஜர் ஒன்றும், வன்தட்டுக்குத் தனி மின்சாரம் தரும் யூ.எஸ்.பி. ஹப் ஒன்றும் வாங்கினோம். மின்னல் போய்விட்டது. டீவியும் தப்பியது!

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள். பழைய கசெட்டுகளுக்கும் சாதாரண எச்.264 படங்களுக்கும் எங்களிடமுள்ள பழையதே போதும். இப்போதைய போன்களும் கெமராக்களும் எச்.265 முறையிலும் பதிகின்றன. அப்படிப்பட்ட 4கே கலியாணப் படங்கள் இதில் திக்கித் திணறும். அவற்றுக்கு 2019இல் வந்த 'பை 4' போன்று, அந்த முறையை விரிக்கும் வசதி உள்ளேயே அமைந்த ஒன்று வேண்டும். தேவை தெரியாமல் கடைக்குப் போனால் கடைக்காரரின் தேவைதான் நிறைவேறும்.

பெருநாள் இரவு எல்லோரும் கூடினோம். சஹனில் சோறு வைக்கும் காட்சி வந்தது. கெமரா உம்மாவின் பக்கம் திரும்பியதும் அவர் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு, "என்ன எடுக்காதீங்க தம்பி, பொண்ணு மாப்பிளய எடுங்க" என்றார். முகம் அரைவாசிதான் தெரிந்தது. ஆனால் அந்தக் குரல்! ராத்தா அழுதார். என் இளைய மகள் என்னைப் பார்த்து, "உம்மா, உங்கட குரல் மாதிரியே இருக்கு" என்றாள். எனக்குப் பேச்சு வரவில்லை.

இப்போது அந்தக் கோப்பு சாய்ந்தமருதில் ஒரு தட்டிலும் அக்குறணையில் ஒரு தட்டிலுமாக இருக்கிறது. ஒரே வீட்டில் பத்துப் பிரதி வைத்திருந்தாலும் கடலுக்கு அது ஒன்றுதான் என்பதை நாங்கள் பட்டறிந்தவர்கள். உங்கள் அலுமாரியிலும் ஒரு பழைய கசெட் கிடக்கலாம். நாடா ஆண்டுக்காண்டு தேய்கிறது; அதை ஓட்டும் இயந்திரமும் அருகி வருகிறது. இன்றே எடுத்துப் பாருங்கள், சகோதரிகளே.