கம்பத்தடி மண்ணும் எர்த் கம்பியும்

இரும்புக் கம்பமே பூமியில்தானே ஊன்றி நிற்கிறது, அதற்குத் தனியாக எர்த் எதற்கு என்ற கேள்வியைத் தெருவிளக்கு வேலையில் இறங்கிய நாள்தொட்டுக் கேட்டு வருகிறேன். கேட்பவர் ஒப்பந்தக்காரராயினும் படித்த பொறியாளராயினும், அந்த அபிப்பிராயத்தின் அடியில் இருப்பது, மண்ணுக்குள் இறங்கிய மின்சாரம் அங்கேயே அடங்கிவிடும் என்னும் நம்பிக்கைதான். அது அடங்குவதில்லை, தான் புறப்பட்ட டிரான்ஸ்பார்மரின் நியூட்ரலுக்கே திரும்ப மார்க்கம் தேடுகிறது, அம்மார்க்கம் எவ்வளவு தாராளமானது என்பதைப் பொறுத்தே தெருவில் நடப்பவரின் பிராணன் இருக்கிறது.

கணக்காகவே சொல்கிறேன். கம்பத்தினுள் ஒயரின் உறை தேய்ந்து, 230 வோல்ட் பேஸ் இரும்பைத் தொட்டுவிட்டதென்று வைத்துக்கொள்வோம். கம்பத்தடி மண்ணின் தடை 18 ஓம், டிரான்ஸ்பார்மர் எர்த்தின் தடை 2 ஓம் எனில், மண் வழியே ஓடக்கூடியது 11.5 ஆம்பியர்தான், 16 ஆம்பியர் பியூஸ் அதை விடிய விடியத் தாங்கும், விளக்கும் வழக்கம்போல் எரிந்துகொண்டிருக்க, கம்பம் மட்டும் சுமார் 207 வோல்ட்டைச் சுமந்தபடி, மாட்டைக் கட்ட வருபவரும் மழைக்கு ஒதுங்கும் குழந்தையும் கை வைக்கும் உயரத்தில் நிற்கும். அதே கம்பத்திலிருந்து ஓர் எர்த் கம்பி எங்கும் அறுபடாமல் நியூட்ரல் வரை சென்று, சுற்று முழுவதன் தடையும் 1 ஓம் அளவில் இருக்குமானால், பாயும் 230 ஆம்பியரில் பியூஸ் கணப்பொழுதில் உருகிவிடும்.

1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கம்பங்களுக்குத் தொடர்ச்சியான எர்த் கம்பியை விதித்து, அதைக் கிலோமீட்டருக்கு மூன்று இடங்களில் பூமியோடு இணைக்கச் சொல்லின. அதற்கு மாற்றாகக் கம்பந்தோறும் தனித்தனி எர்த்தையும் அனுமதித்தன. இவ்விரண்டில் முதலாவதையே நான் எக்காலமும் வற்புறுத்துவேன். கசிவைக் கண்டு துண்டிக்கும் இ.எல்.சி.பி. இருந்தால் 20 ஓம் தடையிலும் ரட்சை உண்டு என்பது உண்மையே. ஆயினும் ஐப்பசி மழையில் நனைந்த விளக்குகளின் சிறு கசிவுகள் ஒன்றுசேர்ந்து அதை அடிக்கடி விழச்செய்ய, தெரு இருண்டதே என்று யாராவது அதை விலக்கி நேரடியாக இணைத்துவிடும் அபாயமும் உண்டு.

இத்தனையும் கடைசியில் ஒரு போல்ட்டில் வந்து நிற்கிறது. பெயின்ட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே லக்கை முறுக்கிவிட்டால், பார்வைக்கு எர்த் இருக்கும், தொடர்பு இராது. ஆகவே வரிசையின் கடைசிக் கம்பத்தில், எர்த் கம்பியின் நீளம் முழுவதும் கணக்கில் சேரும் இடத்தில், சுற்றின் தடையை அளந்து பார்க்காமல் நான் கையெழுத்திடுவதில்லை. குழி எர்த்தையோ, மண் ஈரமுள்ள கார்த்திகையில் அல்ல, அது வறண்டு தடை உச்சத்திலிருக்கும் சித்திரை, வைகாசியில் அளக்கிறேன்.