உயிர் காலேஜ் அட்டெண்டன்ஸ்

சென்னையில எத்தனை காலேஜ் இருக்குன்னு யாராவது கேட்டா தலை சுத்தும். எங்க தாத்தாவைக் கேட்டா ரெண்டே ரெண்டுன்னு சொல்வார். ஒண்ணு செத்த காலேஜ், இன்னொண்ணு உயிர் காலேஜ். ரெண்டுக்கும் கவுன்சலிங் கிடையாது, அரியர் கிடையாது.

முழிக்காதீங்க! பழைய மெட்ராஸ்காரங்க எழும்பூர் மியூசியத்தை ‘செத்த காலேஜ்’னு சொல்வாங்க. பாடம் பண்ணி வெச்ச பறவை, எலும்புக்கூடு எல்லாம் அங்கதானே இருக்கு! சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்துல பீப்பிள்ஸ் பார்க்கில் இருந்த மிருகக்காட்சி சாலைதான் ‘உயிர் காலேஜ்’. ரெண்டுக்கும் சொந்தபந்தம் உண்டு. 1855-ல் எட்வர்டு பால்ஃபோர் என்கிற மியூசியம் அதிகாரி, அந்த வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளையும் வைக்க ஆரம்பிச்சார். அதைப் பார்க்க வந்த கூட்டத்துல பிறந்ததுதான் மெட்ராஸ் ஜூ. 1860-களில் பார்க் டவுன் பக்கம் குடிபோய், நூறு வருஷத்துக்கு மேல அங்கேயே இருந்து, இடம் பத்தாம 1985-ல் வண்டலூர் காட்டுக்கு மாறிச்சு.

தாத்தாவுக்கு மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் கடை. வெளியூர்லேர்ந்து சொந்தக்காரங்க வந்தா மத்தியானம் கடையைப் பக்கத்துக் கடைக்காரர்கிட்ட ஒப்படைச்சுட்டு உயிர் காலேஜைச் சுத்திக் காட்டுவாராம். அதே 1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சுபோச்சு. ஜூலையில் வண்டலூர் திறந்தாங்க. “ரெண்டு மாசத்துல கடையும் போச்சு, காலேஜும் போச்சு பாப்பா”ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்வார்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். “ஜூ பத்தி ஜாலியா ஒரு பக்கம் எழுதிக் கொடும்மா”ன்னு எடிட்டர் சொன்னார். எந்தக் குரங்கு சேட்டை பண்ணுது, எந்தக் கரடி ஐஸ் சாப்பிடுதுன்னு எழுதி முடிச்சிடலாம்னுதான் கிளம்பினேன். தேடப் போன இடத்துல மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் வெளியிடுற விலங்கு இருப்புப் பட்டியல் கையில் மாட்டிச்சு. அதோட ஜாலி காலி!

நம்ம நாட்டுல அங்கீகாரம் வாங்கின ஒவ்வொரு பூங்காவும் வருஷா வருஷம் இந்தக் கணக்கைக் காட்டணும். ஆரம்ப இருப்பு, பிறப்பு, வரவு, வெளியே அனுப்பியது, இறப்பு, கடைசி இருப்பு. ஒவ்வொண்ணுலயும் ஆண் எத்தனை, பெண் எத்தனை, ஆணா பெண்ணான்னு தெரியாதது எத்தனை. நான் கெமிக்கல் இன்ஜினீயரிங். செகண்ட் இயர்ல மாஸ் பேலன்ஸ் போட்டே நொந்து போனவ. உள்ளே வந்தது, வெளியே போனது, உள்ளேயே உண்டானது, உள்ளேயே தீர்ந்தது... அதே சமன்பாடு, ஆனா இங்கே தீர்றது மான், மயில், முதலை.

வெளியே அனுப்புறதுக்கு அதுல போட்டிருக்கிற இங்கிலீஷ் வார்த்தை ‘டிஸ்போசல்’. குப்பைக்குச் சொல்ற வார்த்தை மாதிரி இருக்கேன்னு முதல்ல கடுப்பாச்சு. விசாரிச்சா, பெரும்பாலும் அது இடமாற்றம். ஒரு பூங்காவுல உபரியா இருக்கிறதைக் கொடுத்து, இல்லாததை இன்னொரு பூங்காவிலேர்ந்து வாங்கிக்கிறாங்க. பாதுகாக்கப்பட்ட விலங்குன்னா, ஆணையத்தோட முன் அனுமதி இல்லாம ஒரு வேலியைக்கூடத் தாண்ட முடியாது. கூண்டுக்குள்ள பழக்கணும், வெயில் தாழ்ந்த நேரமாப் பார்த்துக் கிளப்பணும், கூடவே டாக்டரும் பராமரிப்பாளரும் போகணும். வந்து இறங்கினதும் நேரா கூட்டத்துக்கு முன்னாடி விட மாட்டாங்க. தனியா வெச்சு, நோய் நொடி இல்லைன்னு உறுதி பண்ணணும். நம்ம ஹாஸ்டல்ல ஃபர்ஸ்ட் இயர் பசங்களைத் தனி பிளாக்குல வைக்கிறாங்க இல்ல, அப்படி!

புது இடம் பழகுறது லேசில்லை. பெங்களூரு பன்னேர்கட்டாவிலேர்ந்து 2023-ல் வண்டலூர் வந்த ஷேர்யார் சிங்கத்தை ஞாபகம் இருக்கா? 2025 அக்டோபரில் சஃபாரி காட்டுக்குள் பழக்க விட்டாங்க. சாயங்காலம் கூண்டுக்குத் திரும்பலை. ட்ரோன் பறக்குது, டி.வி-யில பரபரப்பு, ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் இருக்கிற எங்க காலேஜ் வாட்ஸ்அப் குரூப்புல “மச்சி, கேன்டீன்ல பார்த்தேன்”னு ஒரே அலப்பறை. ஐயா ரெண்டு நாள் கழிச்சு, ஒண்ணுமே நடக்காத மாதிரி வந்து சேர்ந்தார்.

பிறப்புக் கணக்குக்கு வருவோம். குட்டி பிறந்தா நமக்கு நியூஸ், கைதட்டல். ஆனா யாரும் சொல்லாத விஷயம், பூங்காவுல பாதி வேலை குட்டி பிறக்காமப் பார்த்துக்கிறதுதான். புள்ளிமானை அது பாட்டுக்கு விட்டா இடம் கொள்ளாது. ஆணையும் பெண்ணையும் பிரிச்சு வைக்கிறாங்க. சர்க்கஸ்ல சிங்கம், புலியை வெச்சு வித்தை காட்டக் கூடாதுன்னு 1998-ல் அரசு ஆணை போட்டுச்சு, 2001-ல் சுப்ரீம் கோர்ட்டும் சரின்னுடுச்சு. அந்தச் சிங்கங்களுக்கு வண்டலூர் மாதிரி சில இடங்கள்ல மறுவாழ்வு மையம் அமைச்சாங்க. பல சிங்கங்கள் ஆசிய, ஆப்பிரிக்க ரத்தம் கலந்தவை. குஜராத்துல மட்டும் மிஞ்சியிருக்கிற ஆசிய சிங்கத்தோட அதுங்களைச் சேர்க்க முடியாது. அதனால சாப்பாடு உண்டு, டாக்டர் உண்டு, வாரிசு மட்டும் கிடையாது. அந்த வம்சமே கடைசி இருப்பு பூஜ்யம்னு முன்கூட்டியே எழுதி வெச்ச கணக்கு.

நாம செல்ஃபி எடுக்க முண்டியடிக்கிற வெள்ளைப் புலி? அது தனி இனமே இல்லை பாஸ். ஒரு மரபணு மாற்றம். 1951-ல் ரேவா மகாராஜா பிடிச்ச மோகன் என்கிற குட்டியை, வளர்ந்த பிறகு அதோட சொந்த மகளோட சேர்த்துத்தான் 1958-ல் வெள்ளைக் குட்டிகளை வரவழைச்சாங்க. இந்தியாவிலேர்ந்து உலகத்துக்குப் போன வெள்ளைப் புலி வம்சத்துக்கு மோகன்தான் கொள்ளுத் தாத்தா. நிறம் வேணும்னு ரத்த உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்ததுல மாறுகண், ஊனம்னு பல கோளாறு.

நிஜமான திட்டம் நடக்கிறது, கூட்டமே நிக்காத ஒரு கூண்டுல. சிங்கவால் குரங்கு! முகத்தைச் சுத்தி வெள்ளிப் பிடரி, வால் நுனியில குஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகத்துல வேற எங்கேயும் காட்டுல கிடையாது. வால்பாறை போனவங்க ரோட்டோரம் பார்த்திருக்கலாம். இந்த இனத்தைப் பூங்காக்கள்ல திட்டம் போட்டு இனப்பெருக்கம் செய்ற வேலைக்கு ஒருங்கிணைப்புப் பூங்கா நம்ம வண்டலூர்தான். அதுக்கு ‘ஸ்டட்புக்’னு ஒரு வம்சப் புத்தகம் இருக்கு. ஒவ்வொரு குரங்குக்கும் நம்பர், அப்பா யாரு, அம்மா யாரு, எங்க பிறந்துச்சு, எங்க போச்சு, எப்போ செத்துச்சு. அதை வெச்சுத்தான் ஜோடி சேர்க்கிறாங்க. ஜாதகப் பொருத்தம்தான், ஆனா நம்ம வீட்டுக்குத் தலைகீழ். நம்ம வீட்ல “சொந்தம் விட்டுப் போயிடக் கூடாது”ன்னு மாமன் மகனைத் தேடுவாங்க. இங்கே சொந்தம்னு தெரிஞ்சாலே முதல் ரவுண்டுல அவுட்!

இதுவரைக்கும் நல்லாத்தான் எழுதிட்டு வந்தேன். இறப்புப் பத்தி வந்ததும் பேனா நின்னுடுச்சு.

2021 மே. நாங்க டென்த் ‘ஆல் பாஸ்’ பேட்ச். தாத்தாவுக்கு அஞ்சு நாள் காய்ச்சல். அப்பா போன் பண்ணாத ஆஸ்பத்திரி இல்லை, எங்கேயும் பெட் இல்லை. டெஸ்ட் எடுக்கிற இடத்துல க்யூ தெரு முனை வரைக்கும். நாளைக்குக் காலையில போலாம்னு இருந்தோம். விடியறதுக்குள்ள போயிட்டார். டெஸ்ட் எடுக்காததால் சர்ட்டிஃபிகேட்டில் கொரோனா இல்லை, மாரடைப்பு.

மூணு வாரம்கூட ஆகலை. ஜூன் 3-ம் தேதி வண்டலூர்ல நீலா என்கிற ஒன்பது வயசுப் பெண் சிங்கம் செத்துப்போச்சு. பதினொரு சிங்கத்தோட மாதிரிகளைப் போபால்ல இருக்கிற ஆய்வகத்துக்கு அனுப்ப, ஒன்பதுக்கு கொரோனா பாசிட்டிவ். 16-ம் தேதி பன்னிரண்டு வயசு ஆண் சிங்கமும் போச்சு. டெல்டா வகை வைரஸ்னு மரபணு வரிசையே எடுத்துச் சொன்னாங்க. பாட்டி டி.வி. முன்னாடி உட்கார்ந்துட்டு, “சிங்கத்துக்கு மூக்குல விட்டுப் பார்த்தாங்களாடி?”ன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க. அம்மா எந்திரிச்சுப் போய் டி.வி-யை அணைச்சுட்டாங்க.

உண்மையைச் சொல்றேன், அந்தச் சிங்கத்து மேல எனக்கு அவ்ளோ கோபம். பேர் போட்டு, வயசு போட்டு, காரணம் போட்டு நியூஸ்! நாலு வருஷமா அந்த ஜூ பக்கமே போகலை. காலேஜ் பஸ் தினமும் வாசலைத் தாண்டும்போது போனைப் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன்.

இந்தக் கட்டுரைக்காகத்தான் விதிகளைப் படிச்சேன். பூங்காவுல செத்த ஒவ்வொரு விலங்குக்கும் பிரேதப் பரிசோதனை செய்யணும், முடிவை எழுதி வைக்கணும். சிங்கத்துக்குன்னு இல்லை, அணிலுக்கும் அதேதான். மிச்சமிருக்கிறதைக் காப்பாத்தணும்னா, போனது எதனால போச்சுன்னு தெரிஞ்சாகணுமே! அன்னிக்கு ஒரு சிங்கத்துக்குக் காரணம் தெரிஞ்சதால்தான் மத்ததுங்களுக்கு மருந்து போச்சு. சரிதான். மண்டைக்குப் புரியுது. ஆனாலும் எங்க வீட்டு வரிசையில அந்த ஒரு கட்டம் காலியாத்தானே இருக்கு? மாஸ் பேலன்ஸ்ல இப்படி விட்டா எங்க புரொஃபசர் பேப்பரைத் தூக்கி எறிவார்.

போன வாரம் போனேன். ஆர்வக் கோளாறுல செவ்வாய்க்கிழமை போய் நின்னு, வார விடுமுறைன்னு கேட்ல திருப்பி அனுப்பிட்டாங்க. மறுநாள் லேபைக் கட் அடிச்சுட்டுத் திரும்பப் போனேன். நேரா சிங்கவால் குரங்கு கூண்டு. ஒரு தாய், வயித்தோட ஒட்டிக்கிட்டு ஒரு குட்டி. ஆணா பெண்ணான்னு கண்டுபிடிக்க முடியலை. மூணாவது காலம்தான்னு நினைச்சுக்கிட்டேன். பக்கத்துல ஒரு அப்பா, “இது சாதாக் கொரங்குடா, வா வெள்ளைப் புலி பார்க்கலாம்”னு பையனை இழுத்துட்டுப் போனார்.

ராத்திரி பாட்டிகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். போபாலுக்கு அனுப்பினது, வம்சப் புத்தகம், குட்டி, எல்லாம். ரொம்ப நேரம் வெத்தலையை மென்னுக்கிட்டே இருந்தாங்க.

“சனிக்கிழமை என்னைக் கூட்டிட்டுப் போடி. சிங்கம் வேணாம். அந்தக் கொரங்கக் காட்டு.”