இணைப்பில் கண்டபடி

திண்டுக்கல்லில் மின்சாதனக் கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், இன்சூரன்ஸ் கம்பெனி மீது வழக்குப் போட வேண்டும் என்று வந்தார். ராத்திரியில் கள்ளச்சாவி போட்டு ஷட்டரைத் திறந்து, செம்புக் கம்பிச் சுருள்களையும் மோட்டார்களையும் அள்ளிக்கொண்டு, ஷட்டரைத் திரும்பப் பூட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கம்பெனி அனுப்பிய சர்வேயர் இழப்பைக் கணக்கிட்டதிலும் தகராறு இல்லை. ஆனால் பலவந்தமாக உடைத்து நுழைந்திருந்தால் மட்டுமே இழப்பீடு என்பது பாலிசியின் ஷரத்து. பூட்டு உடையவில்லை, ஆகவே பணம் கிடையாது என்று கம்பெனி கடிதம் எழுதிவிட்டது.

"போலீஸ்காரங்க 457, 380-னு எஃப்.ஐ.ஆர். போட்டிருக்காங்க. அவங்களுக்குத் திருட்டு, இவங்களுக்குத் திருட்டு இல்லையா சார்?" என்றார். நியாயமான கேள்விதான். அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 445-ஆவது பிரிவில், திருடப் போகிறவன் பூட்டைத் திறந்து நுழைந்தாலே அது வீடு உடைத்தல். ஆனால் அந்த வழி 2004-லேயே அடைபட்டுவிட்டது. ஹர்சந்த் ராய் சந்தன் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம், பாலிசியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் பொருள், தண்டனைச் சட்டத்தை இங்கே கொண்டுவர முடியாது என்று சொல்லிவிட்டது.

பாலிசியைக் கேட்டேன். நாலாக மடித்த ஒரே ஒரு தாளைக் கொடுத்தார். பெயர், கடை முகவரி, காப்புத் தொகை, பிரீமியம். அடியில், நிபந்தனைகள் இணைப்பில் கண்டபடி என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. இணைப்பு எங்கே என்றேன். வருஷா வருஷம் இந்தத் தாள்தான் வரும் என்றார்.

மாவட்ட நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டேன். கம்பெனியின் பதிலுரை எதிர்பார்த்தபடியே இருந்தது. முன்மொழிவுப் படிவத்தில், நிபந்தனைகளைப் படித்துப் புரிந்துகொண்டேன் என்ற ஆங்கில வாசகத்துக்குக் கீழே அண்ணாச்சியின் தமிழ்க் கையெழுத்து. படிவத்தை நிரப்பியது ஏஜென்ட். கையெழுத்துப் போட்டவன் படித்தாலும் படிக்காவிட்டாலும் கட்டுப்பட்டவன் என்பது 1934-இல் ஓர் ஆங்கிலேய வழக்கில் ஊன்றப்பட்ட விதி. நம் உச்ச நீதிமன்றமும் 1996-இல், கூரியர் ரசீதில் கையெழுத்திட்ட ஒரு பனியன் கம்பெனிக்கு, அதிலிருந்த ஷரத்துப்படி இழப்பீடு நூறு டாலர்தான் என்று தீர்ப்பளித்தது. இரண்டுமே எதிர்த்தரப்பின் கையில் இருந்தன.

அண்ணாச்சி படிக்கத் தெரியாதவரோ அசட்டையானவரோ அல்ல. கடை வாடகைப் பத்திரத்தைக் கட்டோடு கொண்டுவந்திருந்தார். அதில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி அடிக்கப்பட்டு, ஓரத்தில் அவரும் கட்டட உரிமையாளரும் கையெழுத்திட்டிருந்தார்கள். காலி செய்யும்போது வெள்ளையடித்துக் கொடுக்க வேண்டும் என்ற வரி. வரிக்கு வரி வாசித்து, அதைப் பிடித்து, பேசி எடுக்க வைத்திருக்கிறார். பாலிசியை ஏன் இப்படிப் பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"வீட்டுக்காரர்கிட்ட இதை எடுங்கன்னு சொல்லலாம். இதுல யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

நுகர்வோர் ஒப்பந்தங்களைப் படிக்கிறார்களா என்று கருத்தரங்குகளில் பேசும்போது, மக்களின் சோம்பேறித்தனத்தைத்தான் முதலில் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படித்தால் எதையாவது மாற்ற முடியும் என்று தெரிந்த இடத்தில் நம் ஜனங்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்கிறார்கள். கையெழுத்துப் போடு, இல்லை கிளம்பு என்கிற இடத்தில் படித்து ஆகப்போவது என்ன? ஒருதலைப்பட்சமான ஒப்பந்த ஷரத்துகளை மாநில, தேசிய ஆணையங்கள் செல்லாது என்று அறிவிக்கலாம் என 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் சொல்கிறது. 2020 ஜூலை 20 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மாவட்ட அளவில் அந்த அதிகாரத்தைக் கொடுக்கவில்லை. சாமானியன் முதலில் போய் நிற்பதோ மாவட்டத்தில்தான்.

ஆகவே அவர் படித்தாரா என்ற கேள்விக்குள்ளேயே நான் போகவில்லை. கொடுத்தார்களா என்று திருப்பினேன். நுகர்வோர் மன்றத்தில் பெரும்பாலும் கூண்டில் ஏற்றி விசாரிப்பது இல்லை; நிரூபண வாக்குமூலம், அதன்மேல் எழுத்துமூலக் கேள்விகள், அவ்வளவுதான். நிபந்தனைப் புத்தகம் எந்தத் தேதியில், எந்தத் தபாலில் போனது, ரசீது எங்கே, அனுப்புகைப் பதிவேடு எங்கே என்று கேட்டிருந்தேன். ஆங்கிலப் படிவத்தை விளக்கிச் சொன்னதற்கான சான்று எங்கே என்றும் சேர்த்தேன்; படிவத்தை வாடிக்கையாளரே நிரப்பாதபோது அப்படியொரு சான்றை இணைக்கலாம் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2002 விதிமுறைகள் சொல்லின. சில வாய்தாக்கள் கழித்து ஒரே வரியில் பதில் வந்தது: வழக்கமான நடைமுறைப்படி அனுப்பப்பட்டது.

பல வருஷமாகப் புதுப்பிக்கிறவருக்கு ஷரத்து தெரியாமலா இருக்கும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடினார். நல்ல வாதம். வருஷா வருஷம் கொடுக்காமல் விட்டது எப்படி ஒருமுறை கொடுத்ததாகும் என்று நான் கேட்டேன். அதற்குள், கையில் கொடுக்காத விலக்கு ஷரத்தை வைத்துக் கம்பெனி தப்பிக்க முடியாது என்று பாரத் வாட்ச் கம்பெனி வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அதுவும் திருட்டு பாலிசிதான், பலவந்த நுழைவு ஷரத்துதான். 2004 தீர்ப்பு ஷரத்துக்குப் பொருள் சொன்னது. இதுவோ அந்த ஷரத்தே வாடிக்கையாளரிடம் வந்து சேரவில்லை என்றது. சர்வேயர் மதிப்பிட்ட தொகையை வட்டியோடு தர உத்தரவானது. மாநில ஆணையத்தின் மதுரை அமர்வில் கம்பெனி செய்த மேல்முறையீடும் நிற்கவில்லை.

அடுத்த புதுப்பித்தலுக்கு, நிபந்தனைப் புத்தகம் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் வந்து சேர்ந்தது. இனி அந்த வாதம் செல்லாது என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். உட்கார்ந்து ஷரத்தைத் தேடிப் பிடித்தோம். கூடுதல் பிரீமியம் கட்டினால் உடைக்காமல் நடக்கும் திருட்டையும் சேர்க்கலாம் என்று ஏஜென்ட் அப்போதுதான் வாய் திறந்தார். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தக் கூடுதல் தொகையில் எவ்வளவு குறைப்பீர்கள் என்று அவரிடம் பேரம் பேச ஆரம்பித்தார்.