மாடி வீட்டுப் பையனும் என் வைஃபையும்

"அங்கிள், ரெண்டு நாளா உங்க வைஃபை ரொம்ப ஸ்லோ... கொஞ்சம் கவனிங்க!" என்றான் மாடி வீட்டுப் பையன்.

பகீரென்றது. மனைவி பேங்க் கணக்குப் பார்ப்பதும், நான் நாலு பேரின் வருமான வரிக் கணக்கை அனுப்புவதும் அதே ரவுட்டரில்தான்!

நான் யாருக்கும் பாஸ்வேர்டு சொன்னதில்லை. விசாரித்தால், பயல் நுழைந்தது டபிள்யூ.பி.எஸ். என்கிற கொல்லைப்புற வழியாக. அதன் 8 இலக்க பின் நம்பரை ரவுட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது. அதனால் அதிகபட்சம் 11,000 முயற்சியில் கதவு திறந்துவிடும். 2011-லேயே அம்பலமான சமாச்சாரமாம். என் பழைய பெட்டிக்கு மட்டும் தெரியவில்லை!

கடைக்கு ஓடினேன். சேல்ஸ்மேன் ஆன்டெனாக்களை எண்ணிக் காட்டினார். "அது கிடக்கட்டும் சார், 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 இதில இருக்கா? எத்தனை வருஷத்துக்கு அப்டேட் தருவாங்க?" என்றேன். முறைத்தார். நாலாவது கடையில்தான் ஒழுங்கான பதில் கிடைத்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, பெட்டியோடு வந்த அட்மின் பாஸ்வேர்டை மாற்றினேன். டபிள்யூ.பி.எஸ்ஸை அணைத்தேன்.

சாயந்திரம் பையன் வாசலில் நின்றான். "அங்கிள்... நாளைக்கு ஆன்லைன் டெஸ்ட்..."

மனசு கேட்கவில்லை. 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று தனி வழி இருக்கிறதே, அதற்கொரு பாஸ்வேர்டு கொடுத்தனுப்பினேன்.

திண்ணையில் யார் வேண்டுமானாலும் உட்காரட்டும் சார். பீரோ சாவி மட்டும் நம்ம இடுப்பில் இருக்கணும்!