எப்ரோக் கரைச் செம்மது

ஸ்பெயின் தேசத்தின் வடபாகத்தில், கந்தாப்ரியக் குன்றுத்தொடர் அட்லாண்டிக் சமுத்திரத்தின் குளிர்காற்றையும் மழைமேகங்களையும் தடுத்து நிற்க, அதன் தெற்கடிவாரத்தில் எப்ரோ நதி மத்தியதரைக் கடலை நாடிக் கிழக்கு நோக்கி வளைந்து செல்லும் பள்ளத்தாக்கே ரியோஹா. அங்கு விளையும் செந்திராட்சை மதுவின் கீர்த்தி உலகறிந்தது. ஆயினும் மரபான ரியோஹா மது ஒரே திராட்சையின் சாறு அன்று, பல இனங்களை அளவறிந்து சேர்த்த கலவை என்பதையும், அந்தச் சேர்க்கையின் நியாயம் அவ்வூர் உணவோடு அருந்தும்போதுதான் முழுமையாக விளங்கும் என்பதையும் ஆரோ என்னும் சிறுநகரில்தான் நான் உணர்ந்தேன்.

ஆரோவில் பழைய மதுச்சாலைகள் பலவும் ரயில் நிலையத்தைச் சுற்றியே நெருங்கி நிற்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபில்லொக்ஸெரா என்னும் நுண்ணிய பூச்சி பிரான்ஸ் தேசத்துக் கொடிகளின் வேரைத் தாக்கித் தோட்டங்களைப் பாழாக்கவே, போர்தோ நகரத்து வியாபாரிகள் மதுவைத் தேடி மலை தாண்டி இங்கு வந்தார்கள். புதிதாகப் போடப்பட்டிருந்த இருப்புப்பாதை பீப்பாய்களைப் பில்பாவோ துறைமுகத்துக்குக் கொண்டு சேர்த்தது. 225 லிட்டர் கொள்ளும் ஓக் பீப்பாயில் மதுவை முதிரவைக்கும் போர்தோ முறையும் அக்காலத்திலேதான் இம்மண்ணில் வேரூன்றியது.

1877-ல் தோன்றிய லோபெஸ் தே எரேதியா மதுச்சாலையின் நிலவறைக்குள் இறங்கினால், சுவரெங்கும் கரும்பூஞ்சை படர்ந்திருப்பதையும், தக்கையை அரிக்கும் அந்துப்பூச்சிகளைச் சிலந்திகள் பிடித்துண்ணும் என்பதற்காக ஒட்டடையைக்கூடக் கலைக்காமல் விட்டிருப்பதையும் காணலாம். சில மாதங்களுக்கு ஒருமுறை மதுவை அடிவண்டல் கலங்காதபடி வேறு பீப்பாய்க்கு மாற்றுவதும், முட்டையின் வெள்ளைக்கருவைச் சேர்த்துத் தெளியவைப்பதும் இப்பிரதேசத்தின் பழைய சம்பிரதாயம். ‘ரெசெர்வா’ என்று பெயர் பெற மூன்று ஆண்டுகள் முதிர்ந்தால் போதும் என்று சட்டம் சொல்ல, இவர்களோ தங்கள் தொந்தோனியா ரெசெர்வாவைப் பீப்பாயில் மட்டுமே ஆறு ஆண்டுகள் வரை வைத்திருக்கிறார்கள். இலாபத்தைக் காலத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் இந்தத் தைரியத்தை நான் மனமார மதிக்கிறேன்.

கலவைக்கு ஆதாரமாக நிற்பது தெம்ப்ரானியோ, பெரும்பங்கு அதனுடையதே. இளமையில் செர்ரிப்பழ மணமும், முதிர்ந்தபின் புகையிலை, பதனிட்ட தோல் ஆகியவற்றின் வாசனையும் தருவது அது. ஆனால் வெப்பம் மிகுந்த வருஷங்களில் அதன் புளிப்பு தளர்ந்துவிடும். கிழக்கே சூடான நிலங்களில் செழிக்கும் கார்னாச்சா உடல்வலுவையும் சாராயத்தின் உஷ்ணத்தையும் கொடுக்கும். எனினும் அதன் நிறம் சீக்கிரம் மங்கக்கூடியது. மசுவேலோ துவர்ப்பையும் புளிப்பையும் சேர்க்க, மிகச் சொற்பமாகவே விளைந்து மிகத் தாமதமாகப் பழுக்கும் கிராசியானோ, ரசத்தில் பெருங்காயம்போல, இருப்பது சிறிதேயானாலும் நறுமணத்தாலும் ஆழ்ந்த நிறத்தாலும் முழுவதையும் நிமிர்த்தி நிறுத்துகிறது. சாகுபடி செய்வது சிரமம் என்று ஒருகாலத்தில் உழவர் பலர் கைவிட்ட இந்தக் கிராசியானோவே, என் அபிப்பிராயத்தில், நான்கினுள்ளும் அருமையானது. பழைய வழக்கப்படி அமெரிக்க ஓக் மரத்தில் முதிரும்போது வனிலாவின் சாயலும் தேங்காயின் சாயலும் இவற்றோடு இழைகின்றன.

உணவுக்கு வருவோம். குளிர்காலத்தில் கவாத்துச் செய்த திராட்சைக் குச்சிகளைக் கட்டுக்கட்டாகச் சேமித்து வைத்து, அவற்றை எரித்துத் தணல் ஆனபின், உப்பு மாத்திரம் தூவிய இளம் ஆட்டுக்குட்டியின் விலாத்துண்டுகளை அதன்மேல் வாட்டுகிறார்கள். மசாலா எதுவும் கிடையாது. உருகும் கொழுப்பு நாவில் படியும்போது மதுவின் துவர்ப்பு அதைத் துடைக்கிறது. அந்தக் கொழுப்பே துவர்ப்பின் கடுமையைத் தணிக்கிறது. இரண்டும் மீண்டும் மீண்டும் ஒன்றையொன்று விரும்பச் செய்கின்றன. உருளைக்கிழங்கைக் கத்தியால் முழுதும் வெட்டாமல் பாதியில் நெம்பி உடைத்து, அந்தச் சிதைந்த முகத்திலிருந்து மாவு கசிந்து குழம்பு தடிக்கும்படி, சோரிசோ என்னும் மிளகாய்ப்பொடி சேர்த்த பன்றி இறைச்சித் தொத்திறைச்சியோடு வேகவைக்கும் கூட்டு இன்னொன்று. இதற்கு ஓரிரண்டு வயதுடைய இளமது போதும், முதிர்ந்த ரெசெர்வாவின் நுட்பம் அந்தப் புகைமணத்தில் மறைந்துபோகும். லொக்ரோன்யோ நகரத்து லாவுரெல் வீதியில், பூண்டெண்ணெயில் வதக்கிய காளான்களை ஒன்றன்மேல் ஒன்றாய்க் குச்சியில் கோத்து, உச்சியில் ஓர் இறாலும் வைத்து, ரொட்டித்துண்டின்மேல் நிறுத்திக் கொடுக்கிறார்கள். காளானின் மண்வாசனைக்கும் முதிர்ந்த தெம்ப்ரானியோவுக்கும் உள்ள இசைவு அபாரமானது.

ஒவ்வாதவையும் உண்டு. காரம் மிகுந்த பதார்த்தத்தோடு இம்மதுவை அருந்தினால் சாராயத்தின் சூடு எரிச்சலைப் பெருக்கிவிடும். எப்ரோக் கரைத் தோட்டங்களில் விளையும் ஆர்ட்டிசோக் மிகச் சுவையான காய்தான். ஆனால் அதை உண்டபின் எதைக் குடித்தாலும் ஒரு பொய்யான இனிப்பு நாவில் தோன்றுவதால், அப்போது செம்மதுவை ஒதுக்கிவிட்டு, அதே பள்ளத்தாக்கில் வியூரா என்னும் வெண்திராட்சையிலிருந்து செய்யும் வெள்ளை மதுவைக் கேட்டு வாங்குவதே உசிதம்.