முதல் மார்க் குரங்கு

ஆலங்குளத்தில் பஸ் ஏறினால் ஜன்னலோரம் காற்றாலைகள், பிறகு தென்காசி, அப்புறம் குற்றாலம். மெயினருவிக்குப் போகும் வழியில் ஒரு குரங்கு என் நேந்திரங்காய் சிப்ஸையே பார்த்தது. பாவமே என்று கடித்த பாதியை நீட்டப் போனவன், சட்டென்று நிறுத்திக்கொண்டேன்.

காரணம், 2020-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகக் குழு போட்ட கணக்கு. கொரோனா கிருமி நம் செல்லுக்குள் நுழையத் திறக்கும் பூட்டின் பெயர் ஏசிஇ2. முதுகெலும்புள்ள 410 பிராணிகளின் பூட்டை நம் பூட்டோடு கம்ப்யூட்டரில் ஒப்பிட்டார்கள். முக்கியமான 25 இடங்களும் அச்சு அசலாக ஒத்துப்போய் முதல் மார்க் வாங்கியவை எவை தெரியுமா? ஆசிய, ஆப்பிரிக்கக் குரங்குகளும் மனிதக் குரங்குகளும்தான்! பூனை ஜாதிக்கு நடுத்தர மார்க்.

'நடுத்தரம்தானே' என்று அசந்துவிட முடியாது. 2021 ஜூனில் வண்டலூரில் 9 சிங்கங்களுக்குத் தொற்று. நீலா என்ற பெண் சிங்கம் இறந்தே போனது. கம்ப்யூட்டர் சொல்வது ஜோசியம் இல்லை. யாரிடம் முதலில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்ற பட்டியல்.

நடுத்தர மார்க்குக்கே அந்தக் கதி என்றால், எதிரே இருப்பவர் முதல் மார்க்காரர் ஆயிற்றே! நம்ம எச்சில் அவருக்கு எதற்கு? சிப்ஸை நானே தின்று தீர்த்தேன். அவரோ முறைத்துவிட்டு, பக்கத்து ஆசாமியின் சோப்பு டப்பாவோடு மரமேறிவிட்டார்.