கடல்மீன் தொட்டியும் கரண்டும்



பேராக் மாநிலத்தில் பால்மரம் நின்ற நிலங்கள் பலவற்றில் இன்று தாமான்கள் எழுந்து நிற்கின்றன. தோட்டத்தை விட்டு வந்த நம் பிள்ளைகள் அங்கே வீடு வாங்கிக் குடியேறியிருக்கிறார்கள். கூடத்தில் சாமி படம், அதற்கு எதிரே ஒரு மீன் தொட்டி என்று வீட்டை அழகாக வைத்துக்கொள்கிறார்கள். முன்பெல்லாம் அதில் தங்கமீன் நீந்தும். இப்போது சில வீடுகளில் கடல்மீனே வந்துவிட்டது. லுமுட் கடற்கரை ஈப்போவிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. இவர்களோ கடலைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிடுகிறார்கள். வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீனைப் பேரப்பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்ப்பது கண்கொள்ளாக் காட்சிதான்.

நான் நாற்பது ஆண்டுகள் வயர்மேன் வேலை பார்த்தவன். என் கண் மீனைப் பார்ப்பதற்கு முன்னால், தொட்டிக்குப் பின்னால் தொங்கும் வயர்களைத்தான் பார்க்கிறது. அதைப் பற்றி உங்களிடம் சில வார்த்தைகள் பேச வேண்டும்.

நான் பிறந்த லயத்தில் வீட்டுக்கு ஒரு பல்பு. மாலையில் தோட்டத்து ஜெனரேட்டர் ஓடும், இரவில் நின்றுவிடும். கடல்மீன் தொட்டிக்கு அப்படி ஓய்வு கிடையாது. தண்ணீரைச் சுழற்ற மோட்டார், அழுக்கு நுரையைப் பிரிக்க ஒரு கருவி, மேலே விளக்கு, வெயில் காலத்தில் தண்ணீரைக் குளிர வைக்க இன்னொரு இயந்திரம். இரவும் பகலும் ஓடும் இத்தனையும் தண்ணீருக்குள்ளேயோ, தண்ணீரை ஒட்டியோதான் இருக்கின்றன.

அதுவும் உப்புத் தண்ணீர். கடல் நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உண்டு. நம் வீட்டுக் குழாய்த் தண்ணீரைவிட அது மின்சாரத்தை நூறு மடங்குக்கு மேல் எளிதாகக் கடத்தும்.

இதை நம் முன்னோர் காலத்திலேயே உலகம் அறிந்திருந்தது. 1870-71இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் கடலடித் தந்திக் கம்பியால் இணைத்தார்கள். கடல் நீர் மின்சாரத்தை விழுங்காமல் அந்தக் கம்பியைக் காத்தது எது தெரியுமா? இந்த மலாய் மண்ணின் காடுகளில் வளர்ந்த தாபான் மரத்தின் பால். கட்டபார்ச்சா என்ற பெயரில் அதைக் கம்பியைச் சுற்றி உறையாகப் போட்டார்கள். உறை முழுதாக இருந்தவரை செய்தி போனது. உறையில் ஓட்டை விழுந்தால் மின்சாரம் கடலோடு போனது. உங்கள் தொட்டி மோட்டாரின் வயருக்கும் இதே கதைதான். அதன் மேலுறை விரிந்துவிட்டால் தண்ணீர் முழுவதும் கரண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டில் என்னைக் கூப்பிட்டார்கள். தொட்டியைத் துடைக்கக் கையை விட்ட பாட்டிக்குச் 'சுரீர்' என்று இழுத்திருக்கிறது. காலில் ரப்பர் செருப்பு இருந்தது, பிழைத்துக்கொண்டார். "மீனெல்லாம் நல்லாத்தானே நீந்துது, அண்ணே! கரண்டு இருந்தா மீன் செத்திருக்காதா?" என்று மகன் கேட்டார்.

வாசகர்களே, இந்தக் கேள்வியை நன்றாகக் கவனியுங்கள். கம்பிமேல் உட்கார்ந்த குருவி சாவதில்லை அல்லவா? மின்சாரம் அதன் வழியாகப் போய்ச் சேர வேறு இடம் இல்லை. தொட்டியும் அப்படித்தான். கண்ணாடி மின்சாரத்தை வெளியே விடாது. கசிந்த கரண்டு தண்ணீரில் காத்திருக்கும். தரையில் நிற்கும் மனிதர் கையை விட்டதும் அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. ஆகவே மீன் நீந்துவதை வைத்துத் தொட்டியை நம்பிவிடாதீர்கள்.

அந்த வீட்டில் ஈ.எல்.சி.பி. ஏன் விழவில்லை என்று மின்பெட்டியைத் திறந்தேன். "மழை பெய்தாலே விழுந்து விழுந்து போகுது. அதான் ஒருத்தர் அதை விட்டுட்டு நேரா போட்டுக் கொடுத்தார்" என்றார் மகன். வீட்டின் காவல்காரனையே வெளியே அனுப்பிவிட்டிருந்தார்கள்!

"ஃபியூஸ் இருக்கிறதே" என்று சிலர் சொல்வார்கள். நம் மூன்று கால் பிளக்கில் பெரும்பாலும் 13 ஆம்பியர் ஃபியூஸ் இருக்கும். அது வயர் எரியாமல் காப்பதற்கு. பழைய 60 வாட் பல்பு இழுப்பது கால் ஆம்பியர், அதாவது 250 மில்லி ஆம்பியர். அதில் எட்டில் ஒரு பங்கு, ஏறக்குறைய 30 மில்லி ஆம்பியர், நெஞ்சு வழியாகச் சில நொடி பாய்ந்தாலே உயிருக்கு ஆபத்து. 13 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது தெரியவே தெரியாது. ஈ.எல்.சி.பி.க்குத் தெரியும். போன கரண்டும் திரும்பி வந்த கரண்டும் சமமாக இல்லை என்றால், கண் இமைக்கும் நேரத்தில் அது துண்டித்துவிடும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியவை. மின்பெட்டியில் ஈ.எல்.சி.பி.யின் முகத்தைப் பாருங்கள். தொட்டிக்குக் கரண்டு தரும் வழியில் 0.03A என்று போட்ட ஒன்று இருக்க வேண்டும். 0.1A மட்டும் இருந்தால், சான்றிதழ் பெற்ற வயர்மேனை அழைத்து 0.03A ஒன்றைச் சேர்க்கச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழவில்லை என்றால் அது வெறும் பொம்மை, உடனே மாற்றுங்கள்.

பிளக் போடும் இடம் தொட்டிக்கு அடியில் இருக்கக் கூடாது; பக்கவாட்டில், உயரத்தில் இருக்கட்டும். ஒவ்வொரு வயரும் பிளக்கைவிடத் தாழ்வாகத் தொங்கி, பிறகு மேலேறிப் போக வேண்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பலகையைத் தரையில் போடாதீர்கள். சிரிம் முத்திரை இல்லாததை வாங்காதீர்கள். பிளக்கைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, உலர்ந்த துணியால் துடையுங்கள். அந்த உப்பு காற்றின் ஈரத்தை இழுத்து மின்சாரத்துக்குப் பாதை போட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையை விடுமுன் எல்லாப் பிளக்கையும் பிடுங்குங்கள். விளக்கையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நள்ளிரவில் ஈ.எல்.சி.பி. விழுந்தால் மீன் மூச்சுத் திணறிச் சாகுமே என்ற கவலை நியாயமானது. அதற்குப் பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் கடையில் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வையுங்கள். அடிக்கடி விழுகிறதா? ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிப் பாருங்கள். எதைப் பிடுங்கியதும் விழாமல் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. எதைப் பிடுங்கியும் நிற்கவில்லை என்றால் வயர்மேனைக் கூப்பிடுங்கள். காவல்காரன் குரைக்கிறான் என்று அவனை அடித்துத் துரத்தாதீர்கள்.

மீன் செத்தால் இன்னொன்று வாங்கலாம். தொட்டியருகே நிற்கும் பேரப்பிள்ளையை எந்தக் கடையில் வாங்குவோம்? இந்தப் பக்கத்தைப் படித்து முடித்த கையோடு எழுந்துபோய், அந்தச் சோதனைப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பாருங்கள்.